துடைப்பம் கேட்காத கேள்வி

மாலை நாலு மணிக்கு அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறார். காலை பத்தரைக்கே சின்னவள் சாப்பாட்டு மேசையை ஒழித்து, லேப்டாப்பை ஒரு பக்கமும் புது டேப்லெட்டை மறுபக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தாள். இந்த அரை மணி நேர வேலைகளைப் போல ஆளைக் கவிழ்ப்பது வேறெதுவும் கிடையாது.

அப்பா காய்கறிச் சந்தையில் ஏலக்காரர். முப்பத்தைந்து வருஷம் மைக் இல்லாமல் கத்தியவர். அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் ஆள் மிஞ்சுவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு ஒரு மாதம் இருந்தது. சின்னவள் தனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் கையில் எடுத்தாள். வெப்சைட் கட்டுவது அவள் பிழைப்பு. 'சொல் பலகை' என்று சின்னதாக ஒன்று கட்டினாள். திரையில் கட்டம் கட்டமாகச் சொற்கள். தொட்டால் அப்பாவின் சொந்தக் குரல் அதைச் சொல்லும். தினமும் சந்தை முடிந்து வந்ததும் அவர் கை கால் கழுவிக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்துவிடுவார். "தண்ணி." "வலிக்குது." "டிவியக் கொஞ்சம் கொறைங்க." அம்மாவைக் கூப்பிடும் "இந்தாம்மா." யாரும் கேட்காமலே ஒருநாள், தெருவே திரும்பிப் பார்க்க, "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!" மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.

ஆபரேஷன் முடிந்து இன்றோடு பன்னிரண்டு நாள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. பேச்சுக்குப் பதில் ஒரு சிலேட்டு. முந்தாநாள் அதில் எழுதிக் காட்டினார்: "பலகை ரெடியா?"

"நீங்க வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கறப்ப ரெடியா இருக்கும்பா" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மிச்சமிருந்தது ஒன்றுதான். அவசரச் சொற்கள் மேலே வர வேண்டும். "வலிக்குது" என்பதைத் தேடி விரல் நாலு பக்கம் அலையக் கூடாது. அதற்காக ஒவ்வொரு சொல்லோடும் 'வரிசை' என்று ஒரு எண் சேர்க்க வேண்டும். அதைச் செய்யும் கருவி டெர்மினலில் ஓடுவது. கறுப்பு ஜன்னலில் கட்டளையைத் தட்டினால் வேலையை முடித்துக்கொடுக்கும், அல்லது முடியாது என்று சொல்லும். எந்தத் தொழிலிலும் போல இதிலும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ஒத்திகை, உடைந்தாலும் கவலையில்லை. இன்னொன்று அசல், வெளியே ஒரு கம்பெனியின் சர்வரில், அப்பாவின் குரல் நேராகப் போய்ச் சேர்ந்திருக்கும் ஒரே இடம். கருவி எதைத் தொட வேண்டும் என்பது செட்டிங்ஸ் கோப்பில் ஒரு வரியாக இருக்கும். சின்னவள் அந்த வரியைப் பார்த்தாள். 'ஒத்திகை' என்று இருந்தது. கட்டளையைக் கொடுத்தாள்.

'வரிசை ஏற்கெனவே இருக்கிறது' என்றது கருவி.

ஒத்திகையைத் திறந்து பார்த்தாள். அப்படி ஒன்று அங்கே இல்லவே இல்லை. மறுபடி கொடுத்தாள். மறுபடி அதே பதில். செட்டிங்ஸ் கோப்பில் பெயரை மாற்றினாள், பாதையை மாற்றினாள், கடைசியில் வேண்டுமென்றே கோப்பில் கண்டதை எழுதிச் சேமித்தாள். அதற்காவது அலற வேண்டாமா? கருவி அசையவில்லை. காது கேட்காத மாமனாரிடம் கதை சொன்ன மாதிரி இருந்தது. அங்கேயே அவள் நின்று யோசித்திருக்க வேண்டும். கோப்பில் குப்பையை எழுதியும் ஒருவன் அதே பதிலைச் சொல்கிறான் என்றால் அவன் அந்தக் கோப்பைப் படிக்கவே இல்லை என்று அர்த்தம். ஆனால் அவளுக்கு யோசிக்க நேரமில்லை, எரிச்சல்படத்தான் நேரமிருந்தது. கோப்பைப் பழையபடி திருத்தி வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்குத் திரையின் மூலையில் 'இன்றைய நகல் முடிந்தது' என்று எட்டிப்பார்த்து மறைந்தது. தினமும் அந்த நேரத்துக்கு லேப்டாப் தானாகவே எல்லாப் பதிவுகளையும் நகல் எடுத்து வைக்கும். அவளே ஏற்பாடு செய்தது. அந்த வகையில் நிம்மதி என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மணிக்குப் பொறுமை போய்விட்டது. அவர்கள் ஆபீசில் இந்த மாதிரிச் சிக்கலுக்கு ஒரு வழக்கமான வைத்தியம் உண்டு. அதன் பெயர் துடைப்பம். கூட வேலை பார்க்கும் மொட்டை எழுதிய கட்டளை அது (தலை நிறைய முடி வைத்திருப்பவனுக்கு அந்தப் பெயர்). ஒத்திகையில் இருக்கும் பட்டியல், ஒலிக்கோப்பு எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் பெருக்கித் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொடுக்கும். கருவி வழக்கமாக 'உறுதியா?' என்று கேட்கும். நாளைக்கு இருபது தடவை 'ஆமாம்' என்று தட்டிச் சலித்துப்போய் மொட்டை அந்தக் கேள்வியைப் பிடுங்கி எறிந்துவிட்டான். ஆபீஸே கைதட்டியது, இவளும்தான்.

'துடைப்பம்' என்று தட்டினாள். நாலே நொடி. 'சுத்தம்' என்றது கருவி. 'வரிசை சேர்க்கப்பட்டது' என்றது.

"அப்பாடா" என்றாள்.

பக்கத்தில் டேப்லெட்டில் திறந்திருந்த ஒத்திகைப் பலகையைப் புதுப்பித்தாள். காலியாக வர வேண்டும். ஆனால் முதல் நாள் சோதனைக்காக அப்பாவைப் பேசச் சொல்லிப் பதிந்த ஒரே ஒரு கட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. பெருக்கித் தள்ளிய வீட்டில் குப்பை எப்படி மிஞ்சும்?

மொட்டைக்குப் போன் போட்டாள்.

"டேய், தொடப்பம் ஓட்டினேன். ஒத்திகை அப்படியே இருக்குடா."

"கோப்பை விடு. கருவிகிட்டயே கேளு, நீ இப்ப எங்க நிக்கறேன்னு. அதுக்கொரு கட்டளை இருக்குல்ல?"

கேட்டாள். ஒரே வரியில் பதில் வந்தது: 'அசல்.'

"என்ன சொல்லுது?" என்றான் மொட்டை. "ஏய், லைன்ல இருக்கியா?"

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் திரும்பி வந்து, "இன்னும் ஒண்ணு இருக்கு, பதிஞ்சுக்க" என்றார். அதைச் சரியாகச் சேர்க்க, இதே ஜன்னலில் 'இனி அசலைத் தொடு' என்று வாயால் சொல்வது போல ஒரு வரி தட்டினாள். போகிற போக்கில் வரிசையையும் சேர்த்துப் பார்த்து, நேரமாகிவிட்டது என்று பாதியில் விட்டாள். அப்படித் தட்டிய வரியை அந்த ஜன்னல் மூடப்படும்வரை மறக்காது. கோப்பு என்ன சொன்னாலும் ஜன்னல் சொன்னதுதான் செல்லும். அவள் ஜன்னலை மூடவில்லை. பன்னிரண்டு நாளும் லேப்டாப்பை அணைக்காமல் மூடி மூடித் திறந்திருந்தாள். காலையிலிருந்து கருவி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"நகல் இருக்குடா, தினமும் எடுத்திருக்கு" என்றாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது.

நகல் கோப்புறையைத் திறந்தாள். நாற்பத்திரண்டு நகல்கள், ஒருநாள் தவறாமல். முதலாவதில் ஒரு பதிவு. பத்தாவதில் ஒரு பதிவு. இன்று மதியம் எடுத்ததிலும் ஒரே பதிவு. நகல் எடுப்பதற்கு எந்த ஜன்னலும் கிடையாது, அது கோப்பைப் படித்து நடப்பது. கோப்பில் 'ஒத்திகை' என்றிருந்தது. அது சொன்ன பேச்சைக் கேட்டு, நாற்பத்திரண்டு நாளும் ஒத்திகையை மட்டும் பத்திரமாக நகல் எடுத்து வைத்திருந்தது. ஒருநாளாவது அவள் திறந்து பார்த்தாளா? 'முடிந்தது' என்று வந்தால் போதும் அவளுக்கு.

சர்வர் கம்பெனிக்குப் போன் செய்தாள். அழித்தது அழித்ததுதான் என்று மரியாதையாகச் சொன்னார்கள். மொட்டை என்னென்னவோ வழி சொன்னான். எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். மூன்றரைக்கு அவன் போனிலேயே அழுதுவிட்டான். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. தன் கையை வெட்டிப் போட்டால் தேவலை என்று இருந்தது.

நாலு மணிக்குக் கார் சத்தம் கேட்டது. அம்மா அப்பாவைத் தாங்கிக்கொண்டு வந்து மேசை எதிரே உட்கார வைத்தாள். கழுத்தில் மெல்லிய துணி, மூச்சுக்கு மூச்சு அது அசைந்தது.

"எங்கடி அது, எடு. வழியெல்லாம் எழுதி எழுதிக் காட்டி என் உசுர வாங்கிட்டாரு" என்றாள் அம்மா.

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதில் ஒரே கட்டம் இருந்தது. தொட்டார்.

"என்னம்மா இது, வேலை செய்யுதா இல்லையா?" என்றது அவருடைய குரல், சந்தைக்குக் கேட்கிற மாதிரி.

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, அச்சு அசலா நீங்கதான். என்னைக் கூப்பிடுவீங்களே, அதைப் போடுங்க" என்றாள்.

"வேற இல்லம்மா" என்றாள் சின்னவள். "எல்லாம் போச்சுப்பா. நான்தான் அழிச்சுட்டேன்."

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அப்பா மகளைப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன கண்டாரோ, சட்டென்று சிலேட்டை எடுத்து, அவளைத் தேற்றுகிற அவசரத்தில் வேகமாக எழுதித் திருப்பிக் காட்டினார்.

"இதுக்குப் போய் கலங்குவாங்களா? இன்னொரு வாட்டி பதிஞ்சுக்கலாம்."

அவள் படித்தாள். அம்மாவும் படித்தாள். இருவரும் சிலேட்டிலிருந்து கண்ணை எடுக்காததைப் பார்த்து, அப்பா சிலேட்டைத் தன் பக்கம் திருப்பி, தான் எழுதியதைத் தானே ஒருதரம் படித்தார். பிறகு உள்ளங்கையால் மெதுவாக அழித்தார்.