நவம்பர் வேண்டாம்

மீட்டர் குழியின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டால் அந்த வீட்டின் குணம் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக மிரோசாவா நகரத் தண்ணீர் நிர்வாகத்தில் எனக்கு அதுதான் வேலை. யார் வீட்டுக்கு விருந்தாளி வந்து ஒரு மாதமாகக் கிளம்பாமல் இருக்கிறார், யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள், யார் வீட்டுக் கழிப்பறைத் தொட்டி ஒழுகுகிறது, எல்லாவற்றையும் அந்தச் சின்ன எண்கள் சொல்லிவிடும். நான்தான் யாரிடமும் சொல்லமாட்டேன். கோபம் அதிகம், பேச்சு குறைவு, அப்படிப்பட்டவள் நான்.

அந்தச் செப்டம்பரில் நான் ராதோய்கா அக்கா வீட்டுக்கு மீட்டர் பார்க்கப் போனபோது தோட்டத் தெரு முழுக்கப் புகை. அந்த மாதம் எங்கள் ஊர் அப்படித்தான் இருக்கும். முற்றத்துக்கு முற்றம் பழைய விறகடுப்பைத் தூக்கி வெளியே போட்டு, சிவந்து பெருத்த காரமில்லாத மிளகாயைச் சுட்டு, தோலுரித்து, மணிக்கணக்கில் கிண்டி அய்வர் விழுது செய்வார்கள். கிண்டுகிற கை நிற்கக் கூடாது. அடிபிடித்தால் அந்தக் குளிர்காலத்துக்கே ருசி போய்விடும். மற்ற வீடுகளில் அது வீட்டுச் சாப்பாட்டுக்கு. ராதோய்கா அக்காவுக்கு அதுதான் பிழைப்பு. கணவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் மிளகாய், வருடத்துக்கு நானூறு ஜாடி அய்வர், அதில் ஓடுகிறது அவள் வாழ்க்கை.

அவள் வீட்டு வாசலில் செப்டம்பரில் எப்போதும் ஒரு சரம் தொங்கும். இருப்பதிலேயே நல்ல மிளகாயாகப் பார்த்து விதைக்கென்று கோத்து வைப்பாள். அன்று சரத்தைக் காணோம். அந்த மிளகாய்கள் அடுப்புக்குப் பக்கத்தில் மரப்பெட்டியில் கிடந்தன.

"என்னக்கா, விதை மிளகாயையுமா சுடப்போறீங்க?" என்றேன்.

"விதை எதுக்கு? அடுத்த வருஷம் இங்க யாரு நடப்போறா?" என்றாள், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விஷயம் எனக்குத் தெரியும். போன வசந்தத்தில்தான் தோட்டத் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வந்தது. ஊருக்குக் கீழே கடன் வாங்கிப் புதிதாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்டியிருந்தார்கள். அந்தச் செலவை ஈடுகட்டப் புதுக் கட்டணம்: சாக்கடைக்குக் கன மீட்டருக்கு எழுபத்தைந்து தினார். சாக்கடைக்குள் எவ்வளவு போகிறது என்று அளக்க எங்களிடம் கருவி கிடையாது. அதனால் குழாயில் எவ்வளவு வந்ததோ அவ்வளவும் சாக்கடையில் போனதாக வைத்துக்கொள்வது நிர்வாகத்தின் வழக்கம். மாடிக் குடியிருப்புக்காரனுக்கு அது சரி. தோட்டத் தெருக்காரி ஜூலையில் அறுபது கன மீட்டர் இழுத்தால் ஐம்பத்தைந்தை மண்ணும் மிளகாயும் குடித்துவிடும். அதற்கும் சேர்த்து அவள் சாக்கடைக் காசு கட்ட வேண்டும். கிணறுகள் வற்றிப் பத்து வருடமாகிறது, வேறு தண்ணீரும் இல்லை. வியாழக்கிழமை நகர மன்றம் கூடி இந்தக் கட்டணத்துக்கு ஒப்புதல் கொடுக்கப்போகிறது. கொடுத்தால் நிலத்தை விற்றுவிட்டு வெளியூரில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கே போய்விடுவதாக ராதோய்கா சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

அவள் காபி எடுத்துவர உள்ளே போனாள். நான் பெட்டியிலிருந்து நான்கு மிளகாயை எடுத்து என் பையில், கணக்குப் புத்தகத்துக்கு அடியில் போட்டுக்கொண்டேன். திருட்டுதான். ஏன் செய்தேன் என்று கேட்டால், கோபத்தில் செய்தேன் என்றுதான் சொல்ல முடியும்.

மன்றக் கூட்டத்தை மிளகாய் மாதத்தில், அதுவும் காலை பத்து மணிக்கு வைத்தது எங்கள் நிர்வாக இயக்குநர் நெகோவானின் மூளை. அடுப்பை விட்டு யாரும் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். வெளியூர்க்காரர் இல்லை, தோட்டத் தெரு மாப்பிள்ளை. பிளாகோயே தாத்தாவின் மகளைத்தான் கட்டியிருக்கிறார். ஆனால் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி மூன்று அடுப்பைப் பார்ப்பாள், இரண்டு பேர் கூட்டத்துக்குப் போவார்கள். ராதோய்காவின் அடுப்புக்கு ஆள் கிடைக்காமல் பக்கத்து வீட்டு புதிமிரிடம் விட்டுவிட்டு வந்தாள். அவர் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். வாழ்நாளில் காபியைத் தவிர வேறெதையும் கிண்டியதில்லை.

என்னைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனது என் புத்தகங்களைத் தூக்கத்தான். "புத்தகத்தக் கொண்டு வா ஸ்தானா, வாயக் கொண்டு வராத," என்று நெகோவான் படியேறும்போதே சொல்லிவிட்டார். என் காது சூடானது. புத்தகங்களோடு போய் உட்கார்ந்தேன்.

அவர் நன்றாகத்தான் பேசினார். அதையும் சொல்லிவிட வேண்டும். முன்பு ஆற்றங்கரையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தோம், இந்தக் கோடையில் பிள்ளைகள் அதில் குளித்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் சும்மா ஓடாது, மின்சாரம், ஆட்கள், கடன் தவணை, எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். எழுபத்தைந்து தினாரில் எனக்கும் சண்டை இல்லை. அவர் முடித்ததும் மன்றத் தலைவர், பல் மருத்துவர் விதா அம்மாள், யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். தோல் உரித்து உரித்துக் கருத்த கையைத் தூக்கினாள் ராதோய்கா.

"நான் அனுப்புற சாக்கடைக்கு நான் குடுக்குறேன். என் மிளகா குடிச்ச தண்ணிக்கு எதுக்குக் குடுக்கணும்?"

குழாயில் வந்த தண்ணீர் எங்கே போனது என்று யார் கண்டது, சாக்கடைக்குப் போகவில்லை என்று உங்களால் காட்ட முடியுமா என்றார் நெகோவான். ராதோய்கா அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். தன்னுடைய ஜனவரிக் கணக்கையும் ஜூலைக் கணக்கையும் வாசிக்கச் சொன்னாள். நெகோவான் கையை அசைத்துத் தடுத்தார். விதா அம்மாள், வாசிக்கட்டும் என்றார். நான் வாசித்தேன். ஜனவரி ஆறு. ஜூலை அறுபத்தொன்று.

"பத்து மடங்கு. ஜூலை மாசம் நான் என்ன, குளிக்கறதுக்குன்னே பொறந்தவளா மாப்ள?"

மன்றமே சிரித்தது. நான் பக்கத்தைத் திருப்பி அடுத்த வீட்டை வாசித்தேன், அதற்கடுத்ததையும் வாசித்தேன். யாரும் கேட்கவில்லை, ஆனால் வாய் திறந்த பிறகு எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. தெருவின் நாற்பது வீட்டிலும் அதே கதைதான். தோட்டத்துக்குத் தண்ணீர் விடாத ஒரு குளிர்மாதத்துக் கணக்கை எடுத்து, அதையே வருடம் முழுக்கச் சாக்கடைக் கணக்காக வைக்க வேண்டும் என்று விதா அம்மாள் சொன்னார். இரண்டு உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

நெகோவான் மேசை தட்டியவர்களைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இருபது வருடமாகப் பார்த்திருக்கிறேன். மக்கள் விருப்பமே தன் விருப்பம், குளிர்மாதமே இருக்கட்டும் என்றார். எந்த மாதம் என்பதுதான் பாக்கி, எங்கள் குளிர்காலப் புத்தகம் நவம்பரில் தொடங்குகிறது, ஆகவே நவம்பர் என்று எழுதிக்கொள்ளலாம் என்றார். கைதட்டல் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் அடங்கியும் போனது.

நவம்பரில் எங்கள் ஊரில் பிளம் சாராயம் காய்ச்சுவார்கள். கொப்பரையிலிருந்து வரும் ஆவிக்குழாய் ஒரு பீப்பாய்த் தண்ணீருக்குள் இறங்கிப் போகும். அந்தத் தண்ணீர் சூடேறக் கூடாது. அதனால் குழாயைத் திறந்துவிட்டால் பீப்பாய் நிரம்பி வழிந்து முற்றத்து ஓடையில் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். ராதோய்காவின் நவம்பர்க் கணக்கு என் விரலுக்கு அடியில் இருந்தது: ஐம்பத்தெட்டு. சில வீடுகளில் அது ஜூலையைவிட அதிகம். ஆனால் அதை யார் எழுந்து சொல்வது? வரிக்குக் காட்டும் காகிதத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இருபது லிட்டர் சாராயம்தான். கொட்டகைக்குள் எவ்வளவு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. போதாக்குறைக்கு மூன்றாவது வரிசையில் வரி அலுவலகத்துப் பையன் பேனாவோடு உட்கார்ந்திருந்தான்.

நெகோவானுக்கு இதெல்லாம் தெரியும். மாமனார் கொப்பரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சூடான முதல் கிளாஸைக் குடித்த ஆள் அவர். எங்கள் வாய்ப்பூட்டை நம்பித்தான் அந்த மாதத்தைச் சொன்னார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். வாய் சும்மா இருக்காத பெண்கள்கூடத் தங்கள் நகத்துக் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது மட்டுமல்ல, கழுத்தே கொதித்தது. எழுந்து, நவம்பர் கணக்கையும் ஒருமுறை பார்ப்பது நல்லது என்றேன். புத்தகத்தை மூடு என்றார் அவர். ஒருத்தி ரகசியத்தைச் சொன்னால் நாற்பது வீட்டையும் காட்டிக்கொடுத்ததாகும். மூடினேன். அதைவிடக் கேவலமாக நான் என்றும் உணர்ந்ததில்லை.

வாக்கெடுப்புக்கு விதா அம்மாள் கையை உயர்த்தச் சொல்ல வாயெடுத்தார். ராதோய்கா எழுந்து நின்றாள்.

"நவம்பர் வேண்டாம்."

ஏன் என்று கேட்டார் நெகோவான். நாக்கில் தேன் தடவியதுபோல் கேட்டார்.

"நவம்பர்ல நான் சாராயம் காய்ச்சுறேன்," என்றாள். "காகிதத்துல இருபது லிட்டர். கொட்டகையில எம்பது. பீப்பாத் தண்ணி பத்து நாள் ஓடும், சாக்கடைக்கு இல்ல, ஓடைக்கு. எழுதிக்கோ தம்பி, ராதோய்கா, தோட்டத் தெரு, பதினேழாம் நம்பர். நிலம் போன பிறகு எனக்கு அபராதம் ஒரு பெருசா?"

அப்போது பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்தது பிளாகோயே தாத்தா.

"எனக்கு நூத்தம்பது. விறகு பொளக்கறது என் மாப்ள. அதோ, மேல உக்காந்திருக்காரு."

அதன்பிறகு யாரையும் உட்காரவைக்க முடியவில்லை. எனக்கு அறுபது, எனக்குத் தொண்ணூறு, எனக்கு நாற்பது ஆனால் போன வருஷம் பிளம் சரியில்லை என்று பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். ஒரு மன்ற உறுப்பினரும் எழுந்தார். நான் என் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொருத்தி பேருக்கும் நவம்பர்க் கணக்கைச் சத்தமாக வாசித்தேன். நானும் காய்ச்சுகிறவள்தான், என் பேருக்கு வரும்போதும் நிறுத்தவில்லை: முப்பத்தெட்டு. எல்லோரும் வரி அலுவலகத்துப் பையனைப் பார்த்தோம். அவன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான்.

"எங்க வீட்லயும் நவம்பர்ல தண்ணி கொஞ்சம் ஓடும்," என்றான்.

விதா அம்மாள் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது. பிறகு பிப்ரவரி என்று எழுதினார். நெகோவான் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். பிப்ரவரி என்றால் கணக்கைக் குறைக்க ஊரே அந்த மாதம் குளிக்காது என்றார்.

"அதக் கண்டுபிடிக்க மீட்டர் எதுக்கு மாப்ள, மூக்கு போதும்," என்றாள் ராதோய்கா.

எழுபத்தைந்து தினார் அப்படியே இருக்க, சாக்கடைக் கணக்கு மட்டும் பிப்ரவரிப்படி என்று தீர்மானம் போட்டார்கள். ஆதரவு முப்பத்தொன்று, எதிர்ப்பு இரண்டு. படியிறங்கும்போது எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் ராதோய்கா தெருவில் ஓடினாள், நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். ஓடிக்கொண்டே, விதை மிளகாய், விதை மிளகாய் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

முற்றத்தில் புதிமிர் முகமெல்லாம் கரியோடு, பரிசு வாங்கப்போகிறவர் மாதிரி நின்றார். அய்வர் அடிபிடிக்கவில்லை. அது மட்டுமா, பெட்டியில் மிச்சமிருந்ததையும் வீணாக்காமல் சுட்டு வைத்துவிட்டாராம். பெட்டி காலி. சுட்ட மிளகாயின் விதை முளைக்காது. கணவர் காலத்திலிருந்து வருடா வருடம் பொறுக்கி எடுத்த விதை அது. கடையில் கிடைக்காது. ராதோய்கா காலிப் பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். மன்றத்தில் நடுங்காத உதடு இப்போது நடுங்கியது.

நான் பையைத் திறந்தேன். புத்தகத்துக்கு அடியில் கையை விட்டு நான்கையும் எடுத்து அவள் மடியில் வைத்தேன். ஒன்று கொஞ்சம் நசுங்கியிருந்தது.

"திருடுனியா?" என்றாள்.

"ஆமா."

நான்கையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். புகையும் மிளகாயும் வியர்வையுமாக ஒரு வாசனை. நாங்கள் இரண்டு பேரும் அழுதோம், புதிமிர் தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் கரண்டியோடு நின்றார்.

பிப்ரவரிக் கணக்கை உறைபனியில் போய் எடுக்கும் வேலையை நெகோவான் எனக்கே கொடுத்தார். தண்டனை என்று நினைத்துக் கொடுத்தார். கோடரியால் பனியை உடைத்துத்தான் மூடிகளைத் திறந்தேன். வீட்டுக்கு ஒரு கிளாஸ் கொடுத்தார்கள், ஊரறிந்த சாராயம், ஒளிக்க வேண்டிய அவசியம் இல்லை. பதினேழாம் நம்பருக்கு வந்தபோது கொஞ்சம் தள்ளாடித்தான் குனிந்தேன். ராதோய்கா என் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தாள்.

"எவ்வளவு?"

"ஆறு."

"இன்னொரு தடவ சொல்லு."

"ஆறு, அக்கா."

ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நீளமான மண்பெட்டி ஒன்று இருந்தது. மண்ணைப் பிளந்துகொண்டு நாற்றுகள் எழுந்திருந்தன. எண்ணிவிட்டதாகச் சொன்னாள், இருநூற்றுப் பதினான்கு. நசுங்கியதிலிருந்துதான் அதிகம் முளைத்ததாம்.