இரண்டாவதாக வந்த கடை

சுடுகாட்டுக்குப் போகும் பேருந்தின் முன் வரிசையில் யார் உட்காருவது என்று டீக்கடை ஜெய்னுலாப்தீனும் சலூன்காரன் அன்பரசனும் படியிலேயே நின்று தகராறு செய்துகொண்டிருந்தார்கள். ராக்கப்பனின் உடல் முன்னால் நின்ற ஆம்புலன்ஸில் இருந்தது. அவர் மனைவி மீனாம்பாள் பேருந்துக்குள் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

துபாய்ப் பக்கத்து அஜ்மானின் அந்த ஓரத்தில் முதல் கடை போட்டவர் ராக்கப்பன்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இரண்டாவதாக வந்தது யார் என்பதில்தான் வழக்கு.

"ஒரு நாற்காலியும் கத்திரியும் இருந்தா அது கடையாப்பா?" என்றார் ஜெய்னுலாப்தீன்.

"கூரையே இல்லாம டீ ஆத்துனது மட்டும் கடையா பாய்?"

டிரைவர் ஹசன் அலி ஹாரன் அடித்தார். இருவரும் ஒரே இருக்கையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அங்கே மணலும் மூன்று தொழிலாளர் கேம்பும்தான் இருந்தன. கம்பெனி வேலையை விட்ட ராக்கப்பன், புதிதாக வந்து இறங்குகிறவனுக்கு முதல் நாளே என்ன தேவைப்படும் என்று யோசித்தார். ஒரு மெத்தை, ஒரு வாளி, பெட்டிக்கு ஒரு பூட்டு. மூன்றையும் ஒரு தகரக் கொட்டகையில் அடுக்கினார். வாங்க வந்தவர்களுக்கு டீ தேவைப்பட்டது. டீ குடித்தவர்களுக்கு முடி வளர்ந்தது. கேம்புகள் முப்பதாயின. செல்போன் கடை, மருந்துக்கடை, பணம் அனுப்பும் கடை என்று வந்து, கடைசியில் நகைக்கடையே வந்துவிட்டது. ஒவ்வொன்று வரும்போதும் அவர் சிவகங்கையில் இருந்த மீனாம்பாளுக்குப் போன் போட்டு, பிள்ளை பிறந்த சேதி மாதிரிச் சொன்னார்.

"நம்மூருக்கு சிக்னல் லைட்டு வந்துருச்சு" என்பார். எந்த நம்மூருக்கு என்று மீனாம்பாள் கேட்பாள். மனுஷன் அளக்கிறார் என்றே அவள் நினைத்திருந்தாள்.

விசிட் விசாவில் முதன்முறையாக வந்தவளை அவர் கலெக்டரை அழைத்துப் போவது போலத் தெருத் தெருவாக அழைத்துப் போனார். சொன்னதெல்லாம் உண்மையாக இருந்ததில் அவளுக்குச் சற்று எரிச்சல்கூட வந்தது.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு நேபாளத்துக்காரர் மெத்தை கேட்டு வந்தார். படுத்துக் காட்டினால்தான் மெத்தை விற்கும் என்பது ராக்கப்பனின் கொள்கை. படுத்தார். கண்ணை மூடினார். நேபாளத்துக்காரர் மரியாதையாகப் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, நல்ல மெத்தைதான் போலிருக்கிறது என்று உள்ளே வந்து மீனாம்பாளிடம் கையால் காட்டினார்.

இறப்புக்கான காகிதங்கள் சேர நான்கு நாளாயிற்று. உடலை ஊருக்குக் கொண்டுவரச் சொல்லி மகன் விஜயபாஸ்கர் தினமும் வீடியோவில் அழைத்தான். சொந்தக்காரர்கள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று தலையாட்டினார்கள். மூன்றாம் நாள் மீனாம்பாள் முடிவாகச் சொன்னாள்.

"உங்கப்பா லீவுல வந்தப்பல்லாம் தெக்கால வீட்டுக்காரன் பேரையே எங்கிட்டதான் கேட்டுக்குவாரு. இங்க நாயிக்குக்கூட அவரைத் தெரியுது. இங்கயே முடிச்சுக்கிருவோம்யா."

மகன் பின்னால் நின்ற சொந்தக்காரர்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சரி என்றான்.

சுடுகாட்டில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. எரியுலையின் கதவு திறந்து மூடியது. இரண்டு பேருந்து நிறைய வந்தவர்கள் வெயிலில் கைகட்டி நின்றார்கள். ஜெய்னுலாப்தீன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அன்பரசன் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தான்.

திரும்பி வந்தபோது கடைத்தெரு முழுவதும் ஷட்டர் இறங்கியிருந்தது. ராக்கப்பன் கடை வாசலில் மட்டும் நாற்பது பேர் பெட்டிகளோடு நின்றார்கள். அன்று காலை விமானத்தில் வந்தவர்கள். கேம்பில் அவர்களுக்கு வெறும் இரும்புக் கட்டிலைக் காட்டியிருந்தார்கள்.

"மாஃபி, மாஃபி. இன்னைக்குக் கடை கிடையாது, நாளைக்கு வாங்க. கலாஸ், அவ்வளவுதான்" என்று ஜெய்னுலாப்தீன் விரட்டினார்.

"இன்னைக்கு எதுல படுப்பாக?" என்றாள் மீனாம்பாள்.

அவள் இடுப்பிலிருந்த சாவியை எடுத்தாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு ஜெய்னுலாப்தீனிடம் தண்ணீர் கேட்டாள். அவர் டீக்கடையைத் திறந்து இரண்டு பெரிய பாட்டில் கொண்டுவந்தார். குடிக்கத்தான் என்று நினைத்தார். அவள் தெருவிலேயே நின்று இரண்டையும் தலையில் ஊற்றிக்கொண்டு, சேலையைப் பிழிந்துவிட்டு ஷட்டரைத் தூக்கினாள்.

எந்த மெத்தை என்ன விலை என்று அவளுக்குத் தெரியாது. ஜெய்னுலாப்தீன் ஒன்று சொன்னார், அன்பரசன் ஒன்று சொன்னான். அவள் இரண்டுக்கும் நடுவாக ஒன்றைச் சொன்னாள். நாற்பது வயதிருக்கும் ஒருவர், திருவாடானைக்காரர், வாளியைத் தட்டிப் பார்த்துவிட்டு, அக்கா இங்கே ரொம்ப நாளா என்று விசாரித்தார்.

"ஒன்பது நாளாச்சு" என்றாள்.

அவர் சிரித்தார். அவள் பூட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

பணம் அனுப்பும் கடையின் ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டது. பிறகு மருந்துக்கடை. தலையில் மெத்தையும் கையில் வாளியுமாக நாற்பது பேர் கேம்பை நோக்கி வரிசையாகப் போனார்கள். சிக்னலில் சிவப்பு விழுந்ததும் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். ஈரத் தலையோடு மீனாம்பாள் வாசலுக்கு வந்து, அது பச்சையாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.