கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

கருப்பாயிக்கு மண்ணீரல் வீங்கிப் பத்து வருஷமாகிறது. பதினைந்து நாளுக்கொரு தரம் குளிர்காய்ச்சல் வரும். வந்தால் மூன்று நாள் படுக்கை. நாலாம் நாள் எழுந்து, இடது விலாவைக் கையால் தாங்கிக்கொண்டே ரப்பர் பால்மரம் வெட்டப் போய்விடுவாள். லாபிஸ் பக்கத்து அந்தத் தோட்டத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ரப்பர் விலை விழுந்த பிறகுதான் அது பெரிதாயிற்று. ஆளைக் குறைக்கச் சொல்லித் துரைக்கு உத்தரவு. அடிக்கடி படுக்கிறவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள், உடம்பில் ஊனம் உள்ளவர்கள் என்று பார்த்துப் பார்த்துச் சொந்த ஊருக்கே திருப்பிக் கப்பலேற்ற ஆரம்பித்தார்கள். இத்தனை வருஷம் உழைத்துத் தேய்ந்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

கருப்பாயிக்கு ஊரில் யாருமில்லை. புருஷனை இங்கேயே ரயில் பாதைக்கு அந்தப்புறம் புதைத்தாயிற்று. இருப்பது ஒரே மகள் செல்லம், அதே லயத்து வரிசையில் அடுத்த வீடு. கப்பலேறினால் ஆத்தா கரை சேரமாட்டாள் என்று செல்லம் பயந்தாள். போன தடவை போனவர்களில் இரண்டு பேரைப் பற்றி அப்படித்தான் கடிதம் வந்திருந்தது.

ஆகவே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். விடியற்காலைப் பெரட்டில் ஆட்கள் வரிசையாக நிற்க, அய்யாவு கங்காணி ஒவ்வொருவராகப் பேர் கூப்பிடுவார். "இருக்கேன் சாமி" என்று குரல் கொடுத்தவர் வாயில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மரியநாதன் காய்ச்சலைத் தடுக்கும் கொயினா மாத்திரை ஒன்றைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். கசப்புக்குப் பயந்து பாதிப் பேர் அதைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, அவர் நகர்ந்ததும் துப்பிவிடுவார்கள்.

"மண்ணுல துப்புறத என் கையில துப்புங்க. எங்காத்தா பொழைச்சுக்கும்" என்று லயம் முழுக்கக் கெஞ்சினாள் செல்லம்.

யாரும் இல்லை என்று சொல்லவில்லை. தனக்கே காய்ச்சல் கண்ட நாளில்கூட வெள்ளையம்மா தன் மாத்திரையைத் துப்பிக் கொடுத்தாள். தினம் ஐந்து, சில நாள் ஆறு. செல்லம் அவற்றைக் கழுவி வாழைப்பழத்தில் பொதிந்து கொடுப்பாள். கருப்பாயி முகம் சுளிக்காமல் விழுங்குவாள்.

காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. இரண்டு மாதமாக ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போடவில்லை. கங்காணியே வாயைப் பிளந்தார். "என்ன கருப்பாயி, கொமரி ஆயிட்டியா?" என்று கேலி செய்தார். செல்லத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

காதுக்குள் வண்டு ரீங்கரிக்கிறது என்று கருப்பாயி சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் வண்டுச் சத்தம் மட்டும் மிஞ்சி, மற்றச் சத்தமெல்லாம் போய்விட்டது. வயசாகிறதல்லவா என்று மகள் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். பெரட்டில் ஆத்தா பேரைக் கூப்பிட்டதும் முழங்கையால் விலாவில் இடிப்பாள். உடனே "இருக்கேன் சாமி!" என்று கருப்பாயி தோட்டமே அதிரக் கத்துவாள். வேலை நடந்தது.

ஒரு நாள் பால்வாளியோடு தோட்டப் பாதையில் கருப்பாயி தனியாக நடந்துகொண்டிருந்தாள். பின்னால் துரையின் மோட்டார் சைக்கிள் ஊதிக்கொண்டே வந்தது. அவள் ஒதுங்கவில்லை. துரை வண்டியை வளைத்துப் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தார். அவருக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

மறுநாள் மரியநாதன் கருப்பாயியைத் திரும்பி நிற்கச் சொல்லி, முதுகுக்குப் பின்னால் மண்ணெண்ணெய் டின்னைத் தட்டினார். அவள் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"கொயினா கூடிப்போனா காது போவும். நான் ஒண்ணுதானே குடுக்கிறேன்?" என்றார் அவர், தமக்குத்தாமே.

பக்கத்தில் நின்ற செல்லம் அவர் முன்னால் வந்தாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"ஆறா? அடிப்பாவி! ஆளையே கொன்னிருக்கும்."

"நிறுத்திட்டா காது வந்துருங்களா சார்?"

"வரலாம், வராமலும் போவலாம். ஒரு மாசம் பாக்கணும். ஆனா நிறுத்தினா காய்ச்சல் திரும்பிரும்."

"ஒரு மாசம் தாங்க சார். தொரைகிட்ட சொல்லுங்க. ஒரே ஒரு மாசம்."

சொல்கிறேன் என்றார். சொல்லவும் செய்தார். கல்லைப் போய்க் கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமைப் பெரட்டில் துரை கைகட்டி நிற்க, கப்பலுக்குப் போகிறவர்களின் பேரை அய்யாவு கங்காணி படித்தார். நான்காவது பேர் கருப்பாயி. மரியநாதன் மாத்திரை டப்பாவைப் பார்த்துக் குனிந்துகொண்டார். செல்லம் அசையவில்லை. இடிக்காமல் இருந்துவிட்டால் அந்தப் பேர் எப்படியாவது காற்றோடு போய்விடாதா என்று அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு பைத்தியக்கார ஆசை.

கங்காணி இரண்டாம் தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரமும் கூப்பிட்டார். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தனை முகங்களும் தன் பக்கம் திரும்பியதைக் கண்டு கருப்பாயி தலைமுண்டைச் சரிசெய்துகொண்டாள். தான் ரகசியம் பேசுவதாக நினைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி மகளிடம் சொன்னாள்:

"ஏண்டி, எம்பேரக் கூப்பிட்டாச்சா? நீ இன்னும் இடிக்கலியே?"

செல்லம் இடித்தாள்.

"இருக்கேன் சாமி!" என்று கத்தினாள் கருப்பாயி.