ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள்

மரியபுஷ்பத்துக்கு மறதி வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அதைக் கிளப்பிவிட்டவர் அவளுடைய கணவர் குழந்தைராஜ். தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் மரியபுஷ்பமேதான்.

அந்த வீட்டில் சாயங்காலச் செபமாலையை ஆண்தான் தொடங்கிவைக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை குழந்தைராஜ் அன்றைக்குச் சொல்ல வேண்டிய துயர மறைபொருளை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய மகிமை மறைபொருளைச் சொன்னார். அவள் திருத்தினாள். உனக்குக் கிழமைகூட மறந்துபோச்சு என்று அவர் அடித்துப் பேசினார். அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். போன மாதம், தான் ஓட்டிய தடத்திலேயே பயணியாகப் போய், திருவாரூரில் இறங்காமல் தாண்டிப் போய்விட்டு, கண்டக்டர் சரியில்லை என்று சமாளித்தவர். டாக்டரிடம் போகலாம் என்றால் வீடு இரண்டுபடும்.

அதனால் மரியபுஷ்பம் வேறு வழி பார்த்தாள். ஆமாங்க, எனக்குத்தான் மறந்துபோச்சு என்று ஒத்துக்கொண்டாள். குழம்பில் வேண்டுமென்றே இரண்டு தடவை உப்புப் போட்டாள். சாப்பாட்டில் ஆயிரம் குறை சொல்கிற மனுஷன் அதை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். அவளுக்கு என்னவோ போலிருந்தது.

துபாயிலிருக்கும் மகன் எல்வின் விசாரித்துச் சொன்னான். தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மறதி நோயை முளையிலேயே கண்டுபிடிக்க ஆராய்ச்சி நடக்கிறது, ஊசி குத்த மாட்டார்கள், தலையில் ஒரு தொப்பி, கண்ணுக்கு முன்னால் ஒரு திரை, அவ்வளவுதான். குழந்தைராஜ் மனைவியைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

டாக்டர் செம்மொழியோடு தனியாக இருந்தபோது அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டாக்டர் முகம் சுளித்தாள். அவருக்குத் தெரியாமல் எதையும் செய்ய முடியாது என்றாள். பிறகு குழந்தைராஜை அழைத்து, ஒப்பிட்டுப் பார்க்க அதே வயதில் ஓர் ஆள் வேண்டும், உங்களுக்கு ஏதாவது இருந்தால் அதையும் சொல்லிவிடுவோம், சம்மதமா என்று கேட்டாள். மனைவிக்கு உதவும் என்றால் சரி என்று அவர் உட்கார்ந்தார்.

திரையில் புள்ளி தோன்றும். அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். மரியபுஷ்பத்தின் கண் சொன்னபடி கேட்டது. அவர் கண்ணோ புள்ளியின் பின்னாலேயே ஓடியது. வண்டி ஓட்டியவன் கண், குறுக்கே எது வந்தாலும் அங்கேதான் போகும் என்று சிரித்தார். தொப்பியில் பதிவான மூளை அலைகளிடம் அந்தச் சமாதானம் செல்லவில்லை.

முடிவு சொல்லும் நாளில் அவர் உள்ளே வர மறுத்தார். எதுவானாலும் அவளிடமே சொல்லுங்கள் என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இது ஆரம்பம்தான், இன்னும் சில சோதனைகள் பாக்கி, இப்போதே தெரிந்தது நல்லது என்றாள் டாக்டர். மரியபுஷ்பம் நினைத்ததைச் சாதித்துவிட்டாள். அதில் துளிகூடச் சந்தோஷமில்லை.

வெளியே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னாங்க? ரொம்ப முத்திடுச்சா உனக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்லைங்க. உங்களுக்குத்தான் ஆரம்பிச்சிருக்காம்."

கத்தப்போகிறார் என்று காத்திருந்தாள். அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"உனக்கு இல்லைங்கிறது நிச்சயந்தானா?"

"நிச்சயங்க."

"அது போதும். நீ என்னை மறந்துடுவியோன்னுதான் இத்தனை நாளா எனக்குத் தூக்கமில்லை."