முனீஸ்வரனுக்கு ஒரு பார்சல் பெட்டி

போச்சம்பள்ளியில் சுமலதாவும் அஜித்குமாரும் குடியிருந்த மாடி வீட்டில் சாமிகளுக்கு ஃப்ரிட்ஜின் தலைமேல்தான் இடம். வீடு என்றால் ஒரு ஹால், ஒரு சமையலறை, கதவு முழுதாகச் சாத்தாத ஒரு பாத்ரூம். இதில் தனி அறை வேண்டுமென்றால் சாமி வேறு வீடுதான் பார்க்க வேண்டும். முருகன், லட்சுமி, குலதெய்வம் முனீஸ்வரன் மூவரும் ஃப்ரிட்ஜ் ஓடும்போதெல்லாம் லேசாக நடுங்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நேர் கீழே, ஃப்ரீசரில், ஞாயிற்றுக்கிழமை மிச்சக் கோழி கிடக்கும்.

அஜித்தின் அம்மா கெம்பம்மா தை மாதம் சானமாவுக் காட்டுப் பக்கத்து ஊரிலிருந்து வந்தபோது இதைப் பார்த்துவிட்டாள். கறி மேல் சாமியை உட்கார வைத்த குடும்பத்தை அவள் எங்கேயும் கண்டதில்லை என்று இரண்டு நாள் சொன்னாள். முனீஸ்வரன்தான் கோழி சாப்பிடுகிற சாமியாயிற்றே என்று சுமலதா மெதுவாக எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அவருக்கு ஆகும், பக்கத்தில் நிற்கிற லட்சுமிக்கு ஆகுமா என்று கெம்பம்மா திருப்பிக் கேட்டாள். அப்போதுதான் அஜித், தன் கையாலேயே சுவரில் ஒரு சாமி ஷெல்ஃப் செய்து மாட்டுவதாக வாக்குக் கொடுத்தான். எட்டு மாதம் ஆயிற்று. சுமலதா ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தவில்லை. அவன் கை எப்படிப்பட்ட கை என்று அவளுக்குத் தெரியும்.

அஜித் வேலைக்கு அஞ்சுகிறவன் இல்லை. கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். இரண்டு டன் சரக்கைத் தூக்கி, விரலகலம் பிசகாமல் ரேக்கில் வைப்பான். அந்த நிதானமெல்லாம் கம்பெனி கேட்டோடு சரி. வீட்டில் அவன் துணி துவைத்தால் அவளுடைய வெள்ளைச் சுடிதார் அவனுடைய யூனிஃபார்ம் நிறத்துக்கு வந்துவிடும். பாத்திரம் தேய்த்தால் அடிப்பிடித்த சட்டியை மட்டும் ‘ஊறட்டும்’ என்று விட்டுவிடுவான். மூன்று நாள் ஊறிய சட்டிகள் உண்டு. சுமலதாவோ ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருப்பவள். தையல் ஒரு நூல் கோணினாலும் எடுத்துத் தனியாக வைப்பது அவள் வேலை. அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு அஜித்தோடு ஐந்து வருஷம் குடும்பம் நடத்தியதற்கு அவளுக்கு ஏதாவது விருது கொடுத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை வருகிறேன் என்று கெம்பம்மா போன் செய்ததும் அஜித்துக்கு வேகம் வந்துவிட்டது. கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின் பாகங்கள் வந்த மரப்பெட்டிகளை உடைத்து, முறையாக கேட் பாஸ் போட்டு, பலகைகளை பைக்கில் கட்டிக்கொண்டு வந்தான். ஞாயிறு காலையில் எதிர்வீட்டு சின்னராஜிடம் ட்ரில்லிங் மெஷின் வாங்கி வந்தான். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று கீழ்வீட்டு ஓனர் சரோஜம்மாள் அட்வான்ஸ் வாங்கும்போதே மூன்று தடவை சொன்னதை சுமலதா எடுத்துச் சொன்னாள்.

“ஆணிதான அடிக்கக்கூடாதுன்னாங்க. இது ஸ்க்ரூ” என்றான் அஜித்.

முதல் ஓட்டையிலேயே சுவர் பதில் சொன்னது. உள்ளே ஓடிய தண்ணீர்க் குழாயை ட்ரில் சரியாக நடுவில் துளைத்திருந்தது. பீய்ச்சி அடித்த தண்ணீர் ஹாலைக் கடந்து ஃப்ரிட்ஜ் மேலிருந்த மூன்று சாமிக்கும் அபிஷேகம் செய்தது. சுமலதா ஓடிப்போய்க் கட்டைவிரலால் ஓட்டையை அழுத்திக்கொண்டாள். வால்வை மூடுகிறேன் என்று அஜித் மொட்டை மாடிக்கு ஓடினான்.

மாடியில் வால்வு மூன்று. எது யாருடையது என்று எழுதி வைத்தவர் யாருமில்லை. அவன் முதலில் ஓனருடையதை மூடினான், பிறகு பக்கத்துப் போர்ஷனுடையதை. “நின்னுதா சுமா?” என்று மேலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தான். முழங்கை வழியாகத் தண்ணீர் ஒழுக சுவரோடு சுவராக நின்ற சுமலதாவுக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. அவளுக்குக் கல்யாணம் பேசும்போது பர்கூரில் ஒரு பிளம்பர் மாப்பிள்ளை வந்தது. சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று அத்தை மகன் அஜித்துக்கே கொடுத்தார்கள். அந்த பிளம்பர் இப்போது யார் வீட்டுக் குழாயைச் சரிசெய்துகொண்டிருக்கிறானோ.

மூன்றாவது வால்வை மூடியதும்தான் தண்ணீர் நின்றது. நல்ல வேளை, சரோஜம்மாளும் அவர் வீட்டுக்காரர் கோவிந்தனும் கல்யாணத்துக்காகக் கிருஷ்ணகிரி போயிருந்தார்கள். சின்னராஜ் வந்து, ஓட்டையில் மரக்குச்சியைச் செருகி, மேலே எம்-சீல் பசையை அப்பி, அது இறுகியதும் வால்வைத் திறந்துவிட்டு, இது தாங்குகிற வரைக்கும் தாங்கும் என்று சொல்லி, ட்ரில்லிங் மெஷினைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இனி சுவர் கிடையாது என்று ஆன பிறகுதான் சுமலதா வேலையைத் தன் கையில் எடுத்தாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு ஸ்டாண்டு வரைந்தாள். தரையில் நிற்க வேண்டும். மூன்று தட்டு. ஈரத்திட்டை மறைக்கிற உயரம். அவள் அளந்து கோடு போட்டாள், அவன் அறுத்தான். கோட்டை விட்டு விலகியதை மறுபடி அறுக்கச் சொன்னாள். காலையில் செய்த காரியத்தால் அவன் வாயைத் திறக்காமல் அறுத்தான். அவன் பலகையை அசையாமல் பிடிக்க, அவள் ஸ்க்ரூவை முடுக்கினாள். மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்கள். அவன் தலைமுடியெல்லாம் மரத்தூள். அதைத் தட்டிவிடும்போது, பிளம்பரும் என்ன பெரிய அழகனாக இருந்திருக்கப் போகிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

நான்கு மணிக்கு ஸ்டாண்டு கோணாமல் நின்றது. பழைய பட்டுச் சேலையின் கரையில் மேல்தட்டுக்கு ஒரு குட்டித் திரையும் தைத்துப் போட்டாள். ஒரே ஒரு குறைதான். பலகையின் முகப்பில் பார்சல் முத்திரைகள் கறுப்பு மையில் பளிச்சென்று தெரிந்தன: இந்தப் பக்கம் மேலே இருக்கட்டும் என்பதற்கு இரண்டு அம்பு, நனையக் கூடாது என்பதற்கு ஒரு குடை, உடையும் சாமான் என்பதற்கு ஒரு கண்ணாடிக் கோப்பை. உப்புத்தாள் தேய்ந்து முடிந்துபோயிருந்தது. நாளைக் காலையில் பெயின்ட் அடித்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் கெம்பம்மா நின்றாள்.

ஊரில் யானைக்கூட்டம் ராகி விளைந்த கொல்லையில் இறங்கிவிட்டதாம். யாரும் காட்டுப்பக்கம் போகவேண்டாம் என்று ஃபாரஸ்ட்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். சும்மா உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக ஒரு நாள் முன்னதாகவே கிளம்பி வந்துவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் ஸ்டாண்டைப் பார்த்தாள். குனிந்து முத்திரைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். கண் கலங்கிவிட்டது.

“ரெண்டு ஈட்டி. தலைக்குக் கொடை. சாராயத்துக்குக் கிளாஸு. முனியப்பனுக்கு வேண்டியது ஒண்ணு வுடாம எழுதி வெச்சிருக்கறயேடா அஜித்து.”

அஜித் உண்மையை விளக்க வாயைத் திறந்தான். சுமலதா அவன் காலை மிதித்தாள். “ராத்திரியெல்லாம் ஒக்காந்து வரைஞ்சாரு அத்தே” என்றாள்.

கிளாஸ் இருந்தால் போதுமா, உள்ளே ஊற்ற வேண்டாமா என்று கெம்பம்மா அப்போதே மகனை ஒரு குவாட்டர் வாங்கிவர அனுப்பினாள். வாழ்க்கையில் முதல்முறையாக அம்மா சொல்லி, பொண்டாட்டி பார்த்துக்கொண்டிருக்க, அஜித் ஒயின் ஷாப்புக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனான். நடுத்தட்டில் முனீஸ்வரன் முன்னால் பாட்டில் வைக்கப்பட்டது. லட்சுமி மேல்தட்டுக்குப் போனாள். இதையெல்லாம் அவள் பார்க்க வேண்டாம் என்று திரையும் இழுத்துவிடப்பட்டது.

கற்பூரம் அணைவதற்குள் சரோஜம்மாள் படியேறி வந்துவிட்டார். கல்யாணத்திலிருந்து திரும்பினால் ஹால் சீலிங்கில் ஒரு முறம் அளவுக்கு ஈரம். மேலே என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தவர், சூடத்தையும் கெம்பம்மாவின் முகத்தையும் பார்த்துச் செருப்பைக் கழற்றினார்.

கெம்பம்மாவுக்குக் குழாய்ச் சமாச்சாரம் ஒன்றும் தெரியாது. ஆனால் மகனும் மருமகளும் விழித்த விழியில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் புரிந்துகொண்டாள். முனீஸ்வரன் இன்றைக்குத்தான் இறங்கியிருக்கிறார், நாற்பத்தெட்டு நாளைக்கு ஸ்டாண்டை அசைக்கக் கூடாது என்று அவளாகவே சொல்லிவிட்டாள். சரோஜம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, தாங்குகிற வரைக்கும் தாங்கிய எம்-சீல் விட்டுக்கொடுத்தது. ஸ்டாண்டின் அடியிலிருந்து தண்ணீர் மெல்ல ஊர்ந்து சரோஜம்மாளின் கால்விரலைத் தொட்டது.

“தீர்த்தம்” என்றாள் கெம்பம்மா, கொஞ்சமும் அசராமல்.

சுமலதாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தீர்த்தம் இல்லை ஓனரம்மா என்று சொல்லி, ஸ்டாண்டை இழுத்து நகர்த்தி ஓட்டையைக் காட்டினாள். காலையில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் இந்த ஸ்டாண்டைப் படியில் எப்படி இறக்குவது என்று அவள் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அஜித் ஃப்ரிட்ஜின் பின்னால் பாதி மறைந்து நின்றான்.

சரோஜம்மாள் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். விரலை வைத்தும் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சு.

“இந்தப் பைப்ப எங்க வீட்டுக்காரரே ரெண்டு தடவ ஓட்ட போட்டுட்டாரு. ஒரு தடவ காலண்டர் மாட்ட, இன்னொரு தடவ எங்க மாமனார் போட்டாவ மாட்ட. அதனாலதான் ஆணியே வேணாம்னு சொன்னது. காரணத்த வெளிய சொன்னா அவரு மரியாத என்ன ஆவறது?”

கெம்பம்மா முதலில் சிரித்தாள். பின்னே மூன்று பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். தன் புருஷன், மனுஷன் சாகிற வரைக்கும் கதவுக்குத் தாழ்ப்பாள் ஒன்று சரியாகப் போட்டதில்லை, ஆடு வந்து மூக்கால் தள்ளித் திறந்துவிடும் என்றாள் கெம்பம்மா. முனீஸ்வரன் குடித்தது போதும் என்று பாட்டிலை எடுத்து, மூடியில் ஊற்றிப் பிரசாதம் கொடுத்தாள். சுமலதா கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டில் இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது என்றார் சரோஜம்மாள். சாமி பிரசாதத்தை மறுக்கக் கூடாது என்று தானே சொல்லிக்கொண்டு கையை நீட்டினார்.

அப்போது கோவிந்தன் மேலே வந்தார். விஷயம் அவருக்கும் எட்டிவிட்டது போலும். கையில் சின்னராஜினுடையதைவிடப் பெரிய ட்ரில்லிங் மெஷின். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் உள்ளே குழாயை இணைக்கிற ஒரு சாக்கெட் போட்டு நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்றார். அஜித் ஃப்ரிட்ஜின் பின்னாலிருந்து முகம் மலர வெளியே வந்தான். இரண்டு பேரும் சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்டார்கள். குழாய் எந்தப் பக்கம் போகிறது என்பதில் ஆளுக்கொரு உறுதி இருந்தது.

சரோஜம்மாள் சுமலதாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். “மொதல்ல தண்ணி புடிச்சு வெச்சுக்கலாம் வா” என்றார்.

ட்ரம், மூன்று குடம், இட்லிப் பானை, வாணலி என்று ஒவ்வொன்றாக நிரப்பினார்கள். பிரஷர் குக்கரும் நிரம்பிய பிறகு கெம்பம்மா மொட்டை மாடிக்குப் போய் மூன்று வால்வையும் மூடிவிட்டு வந்தாள். அதற்கு அப்புறம்தான் ஆண்களைச் சுவரைத் தொட விட்டார்கள்.