டாக்டரம்மா எந்தப் பக்கம்?

பஸ் ஓட்டின காலத்தில் அவருக்கு 'ஹாரன்' என்றுதான் பெயர். ஜன்னல் வழியாக ஓர் அதட்டல் போட்டால் போதும், குறுக்கே வந்தவன் ஒதுங்கிவிடுவான். அந்தத் தொண்டையைத்தான் சிகரெட் தின்றது. புற்றுநோயால் குரல்வளையை எடுத்த பிறகு, கழுத்தில் ஒரு கருவியை அழுத்திப் பேசினார். தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

அப்போதும் விடவில்லை. கழுத்துத் துளை வழியாகவே புகை இழுத்த மனுஷன். அவரை விட வைத்தவர், அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா. திட்டினார், கெஞ்சினார், வீடு தேடி வந்து மல்லுக்கு நின்றார். பிறகு பள்ளி பள்ளியாகக் கூட்டிப்போய், "இவர் என் கூடப்பிறக்காத அண்ணன்" என்று பிள்ளைகளிடம் சொன்னார். சட்டைக் காலரைத் திறந்து துளையைக் காட்ட ஹாரனுக்குக் கூசும். டாக்டரம்மாவுக்காகக் காட்டினார்.

பழ வாசனை போட்ட மின் சிகரெட்டைத் தடை செய்யலாமா என்று அரசு கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தது. ஹாரன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா எழுந்தார்.

"தடை வேண்டாம். சிகரெட்டை விட நினைக்கிறவங்களுக்கு இது கைகொடுக்கும்."

காதில் விழுந்தது சரிதானா என்று ஹாரன் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் சொன்னார்கள், டாக்டரம்மா இப்போது ஒரு மின் சிகரெட் கம்பெனிக்கு ஆலோசகராம்.

வெளியே ஹாரன் அவரை மறித்துக்கொண்டார். "ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா கோபப்படுவீங்கண்ணே. பெரியவங்களுக்கு நல்லதுதானே?"

"எந்தப் பெரியவன் பபிள்கம் வாசனை கேட்டான்?"

டாக்டரம்மா போனைப் பார்த்துக்கொண்டே காரில் ஏறினார். அந்தக் கூட்டத்தோடு தடை கிடப்பில் போடப்பட்டது.

கல்லூரியில் படிக்கிற மகளிடம் சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்தார். கேட்டுக்கொண்டிருந்தவள் முகம் வெளுத்தது.

"அப்பா, நானும் அதைத்தான் இழுக்கறேன். நிறுத்த முடியலப்பா. டாக்டர் அத்தை அந்தக் கம்பெனி வீடியோல பெருசா கெடுதல் இல்லன்னு சொன்னாங்க. நம்ம அத்தையாச்சேன்னு நம்பிட்டேன்."

கருவியைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். பிறகு அதை மேசை மேல் வைத்துவிட்டு, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

மறுநாள் வேறொரு மருத்துவமனைக்கு மகளைக் கூட்டிப்போனார். காத்திருக்கும்போது டாக்டரம்மா இரண்டு முறை கூப்பிட்டார். ஹாரன் எடுக்கவில்லை. அந்த எண்ணை அழிக்கவும் மனம் வரவில்லை. உயிரைக் காப்பாற்றின பொம்பளை. அதுதான் வயிற்றெரிச்சல். வெறும் எதிரியாக இருந்திருந்தால் நாலு வசவோடு தீர்ந்திருக்கும்.