இன்ஜினை ஜூனில் இறக்கிக்கலாம்

முப்பத்துமூன்று வயதில், பேபி என்று பெயரை வைத்துக்கொண்டு, ஒருத்தி கார் ஓட்டப் பழகப் போனால் தெரு சும்மா விடுமா? மண்ணூர்பேட்டையில் என்னைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் தங்கவேல் வேலை பார்த்த கம்பெனி கதவடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சிரித்தவர்கள் யாரும் எங்கள் வீட்டில் உலை வைக்க வரவில்லை.

ஆவடியில் பிரசவம் பார்க்கும் டாக்டர் ஞானகுமாரியிடம் நான் ஆயாவாக இருந்தேன். நேரங்கெட்ட நேரத்தில் வீடுகளுக்குப் போய் வர, காரை ஓட்ட ஒரு பெண்பிள்ளை இருந்தால் நல்லது என்று அவர் ஒருநாள் சொல்ல, யோசிக்காமல் நான் ஓட்டுகிறேன் என்றேன். பழகுவதற்கான பணத்தை அவரே கட்டினார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். மே மாதம் முடிவதற்குள் லைசன்ஸ் வாங்கிவிட்டால் ஜூனிலிருந்து நான்தான் டிரைவர். இல்லையென்றால் வேறு ஆள். அந்த வேலை கிடைத்தால் என் பெரியவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் அவள் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு நூல் பிசிறு வெட்டப் போக வேண்டியதுதான்.

வேதமுத்து மாஸ்டரின் டிரைவிங் ஸ்கூல் அம்பத்தூர் ஓ.டி.யில் இருந்தது. சேரும்போதே டாக்டர் வைத்த மே மாதக் கெடுவை அவரிடம் சொல்லியிருந்தேன். ஸ்கூல் என்றால் ஒரு பலகை, ஒரு மேசை, ஒரு கிழட்டு பியட். அது எத்தனை லட்சம் மைல் ஓடியது என்று அதற்கே தெரியாது, மீட்டர் எப்போதோ நின்றுவிட்டது. நாங்கள் தெருவுக்குள் நுழைந்தால் கொசு மருந்து வண்டி வந்துவிட்டதென்று பிள்ளைகள் புகைக்குப் பின்னாலேயே ஓடிவருவார்கள். கிளட்சை எடுத்தவுடன் நகர்கிற சாதி இல்லை அது. கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து, அது இருமி, குலுங்கி, அந்தக் குலுக்கல் அடங்குகிற நேரத்தில் கிளட்சை விட வேண்டும். முந்தினாலும் நின்றுவிடும், பிந்தினாலும் நின்றுவிடும். என் மாமியாரிடம்கூட நான் இவ்வளவு பதவிசாக நடந்ததில்லை.

"மாஸ்டர், இந்த இன்ஜினுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஜூன் மாசம் இன்ஜினை இறக்கி வேலை பார்த்துக்கலாம்மா. நீ ரோட்டைப் பாரு," என்றார்.

மே மாதம் வந்ததும் பாடம் சுருங்கியது. திருமுல்லைவாயில் வரைக்கும் போய் வந்த வண்டி, பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டை ஒரு சுற்றுச் சுற்றியதும் ஓரங்கட்டியது. மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுப்பதுதான் தேர்வில் கஷ்டமான பகுதி. அதையும் ஒரே ஒரு தடவை செய்யச் சொல்லிவிட்டுப் போதும் என்பார். என்னோடு ஓட்டப் பழகிய மற்ற ஆட்களையும் காணவில்லை. நல்ல வண்டி இருக்கிற ஸ்கூலாகப் பார்த்து ஓடியிருப்பார்கள், நாம்தான் ஏமாந்தோம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மாஸ்டரைத் திட்டித் தீர்த்தேன்.

"முழுப் பணத்தை வாங்கிகினு அரைப் பாடம் நடத்துறாரு. நாளைக்கு நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன் பாரு."

"லைசன்ஸ் வர்ற வரைக்கும் வாயை மூடிகினு இரு பேபி. அப்பால வட்டியோட கேளு," என்றார் தங்கவேல்.

தேர்வு நாளன்று காலையிலிருந்தே இன்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல ஒரு சத்தம். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு முன்னால் போன பையன், வேறு ஸ்கூலின் புது வண்டியை மேட்டிலிருந்து அப்படியே பின்னால் உருட்டிவிட்டான். அடுத்து நான். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் ஏறினார். பாதி மேட்டில் நிறுத்தச் சொன்னார். பிறகு எடுக்கச் சொன்னார். பச்சையம்மா தாயே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வண்டிக்குப் பிடித்த மாதிரியே ஆக்ஸிலேட்டர் கொடுத்தேன். இருமியது, குலுங்கியது, அடங்கியது. விட்டேன். ஓரங்குலம்கூடப் பின்வாங்காமல் ஏறியது.

"இந்த வண்டியையே மேட்டுல எடுத்துட்டியேம்மா. உனக்கு எந்த வண்டியும் அடங்கும். பாஸ்," என்று சொல்லி இறங்கிக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

திரும்பும்போது மாஸ்டர் ஓட்டினார். மெக்கானிக் துலுக்கானத்தின் ஷெட் எங்கள் பேட்டையில்தான் இருந்தது. அதைக் கண்ணால் பார்க்கிற தூரத்தில், தட்டல் இடியாக மாறி, வண்டி ஒரு வெட்டு வெட்டி நின்றது. சாவியைத் திருப்பினால் அசையவே இல்லை. சத்தம் கேட்டே துலுக்கானம் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னா மாஸ்டர், படிச்சுப் படிச்சு சொன்னேனே, கேட்டியா? பேரிங்கு ஏப்ரல்லயே சத்தம் குடுத்துது. அப்பவே இறக்கியிருந்தா ரிங்கு, பேரிங்கோட போயிருக்கும். இப்ப கிராங்கும் காலி, செலவு எங்கியோ போயிடும்." பிறகு என்னைப் பார்த்தார். "பேபிக்கா, எல்லாம் உனுக்கோசரந்தான். இறக்குனா ரெண்டு வாரம் வண்டி கெடையாது, ரெடியாகி வந்தாலும் புது மாடு மாதிரி பாயும், இந்தம்மா இதுலயே பழகிட்டுது, பரீட்சையில தடுமாறிடும்னாரு. மத்தவங்களை எல்லாம் ஜூன்ல வாங்கன்னு அனுப்சிட்டாரு. ஒருத்திக்காக இந்த இன்ஜினைப் பொத்திப் பொத்தி வச்சிகினு இருந்தாரு."

"நீ வாயை மூடுய்யா," என்றார் மாஸ்டர். என் பக்கம் திரும்பாமலே, "இரும்புதானேம்மா, மாத்திக்கலாம். உன் வேலைக்குத்தான் மே விட்டா நாள் இல்ல," என்றார்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளுவதற்காக வண்டியின் பின்பக்கம் போனேன்.

"நீ எங்க வர்ற? போய் ஸ்டியரிங்கைப் புடி," என்றார் மாஸ்டர்.

"நீங்க உக்காருங்க மாஸ்டர். நான் தள்றேன்."

"பாஸான டிரைவரு வண்டி தள்ளுமா? ஏறும்மா."

ஏறினேன். பின்னாலிருந்து இரண்டு பேரும் தள்ள, பியட் புகையில்லாமல், சத்தமில்லாமல், எங்கள் தெரு முழுக்க வேடிக்கை பார்க்க நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். மாஸ்டரின் குனிந்த தலையும், வியர்வையில் முதுகோடு ஒட்டிய வெள்ளைச் சட்டையும் தெரிந்தன. இந்த மனுஷன் நூறு வருஷம் நல்லா இருக்கணும் தாயே என்று வேண்டிக்கொண்டேன். அதற்குள் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்தேன்.

"ரெண்டு கையும் ஸ்டியரிங்குல இருக்கணும்," என்று பின்னாலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது.

அழுதபடியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.